வலது பாதி தேறியது

ஜலகண்டாபுரம் சௌந்திரத்தின் மகள் தனப்பிரியாவைக் கபடிக் களத்தில் பிடித்தவர்கள் உண்டு, பிடித்து நிறுத்தியவர்கள் கிடையாது. எதிரணிக்காரி கணுக்காலைப் பற்றினால் பாதம் ஒரு பக்கம் போகும், பிள்ளை இன்னொரு பக்கம் போய்க் கோட்டைத் தொட்டிருப்பாள். எடப்பாடியில் நடந்த ஒரு போட்டியில் அவள் முழங்கையை மடக்கிப் பிடித்த பெண், அது பின்பக்கமாக வளைந்து போன போக்கைப் பார்த்து, ஒடித்துவிட்டோம் என்று பயந்து அழுதுகொண்டே விட்டுவிட்டாள். அந்த அழுகையில்தான் அன்று கோப்பை வந்தது.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. சௌந்திரத்துக்கு அப்படியில்லை. ஆட்டம் முடிந்து வந்த மறுநாள் மகளுக்கு முழங்கால் இரண்டும் பனங்காய் போல வீங்கிவிடும். பதினேழு வயதுப் பெண் பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவாள். பகலெல்லாம் விசைத்தறிப் பட்டறையில் நின்றுவிட்டு வரும் சௌந்திரம் தன் காலை மறந்துவிட்டு மகளின் காலுக்கு ஒத்தடம் கொடுப்பாள். கடைசியில் சேலத்துக்குக் கூட்டிப் போய் எலும்பு மருத்துவரிடம் காட்டினாள். அவர் தனப்பிரியாவின் கட்டைவிரலைப் பின்னால் வளைத்தார். அது போய் மணிக்கட்டில் படுத்துக்கொண்டது. பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி நெகிழ்கின்றன, சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தினால் ஆடலாம், இப்படியே விட்டால் இருபத்தைந்து வயதில் முழங்கால் போய்விடும் என்றார். இதற்கென்றே புதிதாக ஒரு அரசு மையம் வந்திருக்கிறதாம், போய்ப் பாருங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மையத்தின் பெயர் மேற்கு மண்டல நெகிழ்மூட்டு இளம் விளையாட்டு வீரர் முழுவுடல் அதிர்வுப் பயிற்சி நிலையம். பெயர் கட்டடத்தைவிட நான்கடி நீளம். அதனால் கடைசி இரண்டு எழுத்துகளைப் பக்கத்து முட்டைக் கிடங்கின் சுவரில் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு எழுத்துகளுக்கு ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்ததாகச் சொன்னார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சௌந்திரம் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளை அழைத்துப் போனாள். கூடவே கயல்விழியும் வந்தாள். அவள்தான் அணித் தலைவி. தனப்பிரியா எவ்வளவு வளைவாளோ அவ்வளவு வளையாதவள். ஓடி வருகிறவளின் காலைக் கயல்விழி பற்றினால் அது களத்துக்கே சொந்தம்.

எழுத்தர் தங்கசாமி இருவருக்கும் நெகிழ்வுத் தேர்வு வைத்தார். மொத்தம் ஒன்பது மதிப்பெண். கட்டைவிரல், சுண்டுவிரல், முழங்கை, முழங்கால் ஆகியவை இரண்டு பக்கமும் பின்னால் வளைந்தால் எட்டு. குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் முதுகுக்கு ஒன்று. ஐந்தும் அதற்கு மேலும் எடுத்தால் திட்டத்தில் பயனாளி. மருத்துவர்கள் நோயைத் தெரிந்துகொள்ள வைத்திருக்கும் கணக்கு இது. ஆனால் மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் நம் பக்கத்தில் அதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை.

தனப்பிரியா ஒன்பதுக்கு ஒன்பது. தங்கசாமி எழுந்து நின்று கைகொடுத்தார். மண்டலத்திலேயே முதல் மதிப்பெண் என்றார். கயல்விழிக்குச் சுழி. கட்டைவிரல் கட்டை போலவே நின்றது. அவளுக்கு ஆறுதலாக, மனம் தளராதே என்று சொல்ல வாயெடுத்தவர், தளராதவர்களை ஆதரிப்பது நிலையத்தின் கொள்கைக்கு ஒத்துவருமா என்று யோசித்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் பேருந்து நிலையத்தில் தனப்பிரியாவின் படம் போட்டு, வளைந்த கட்டைவிரலோடு, ஒரு வாழ்த்துப் பதாகை தொங்கியது. பட்டறையில் எல்லோரும் சௌந்திரத்திடம் இனிப்பு கேட்டார்கள். மகளுக்கு வந்திருப்பது வியாதியா மார்க்கா என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

அதிர்வு இயந்திரம் நடுக்கூடத்தில் இருந்தது. ஆள் ஏறி நிற்க ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, முகப்பில் பொத்தான்கள். தட்டு நொடிக்கு முப்பது முறை அதிரும், அதைத் தாங்கி நிற்கும் முயற்சியில் தசை தானாக இறுகும் என்பது ஏற்பாடு. ஆனால் அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்குத் தலைநகரிலிருந்து பெரியவர் ஒருவர் வர வேண்டும், அவர் தேதி கொடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது.

அதற்காகப் பயிற்சியை நிறுத்த முடியுமா? நிலையத்தின் இயக்குநர் நவநீதகிருஷ்ணன் தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டடிக்கு இரண்டடி கட்டம் போடச் சொன்னார். பயனாளி அதற்குள் நின்று, இயந்திரம் அதிர்ந்தால் உடல் எப்படி அதிருமோ அப்படித் தானாகவே அதிர வேண்டும். இதற்குத் தன்னதிர்வு என்று பெயர் வைத்து, பதிவேடு போட்டு, நாள்தோறும் பத்து நிமிடம் என்று விதித்தார்.

தனப்பிரியா அதிர்ந்தாள். மூட்டெல்லாம் நெகிழ்ந்த பிள்ளை அதிர்ந்தால் எப்படி இருக்கும்? கை ஒரு திசை, கால் ஒரு திசை, தலை ஒரு திசை. வாசலில் முட்டை வாங்க வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து கும்பிட்டு, "சாமி, எம்பட பையனுக்குக் கல்யாணம் எப்பங்க கூடும்?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை என்று நினைத்த தனப்பிரியா, அதிர்வை நிறுத்தினால் பதிவேட்டில் குறைப்பார்களே என்றும் பயந்து, அதிர்ந்தபடியே ஆ ஆ ஆவணி என்றாள். ஆவணியில் அந்தப் பையனுக்கு நிச்சயமாகிவிட்டது. அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் நிலையத்தின் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு வரிசை நின்றது. தங்கசாமி அவர்கள் எல்லோரையும் வருகைப் பதிவேட்டில் ஏற்றினார். மாத அறிக்கையில் பயனடைந்தோர் ஒன்று என்றிருந்தது, நானூற்றுப் பத்து ஆனது.

ஆனாலும் உண்மையான பயனாளி ஒருத்திதான். ஐம்பது பேருக்கென்று இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். நவநீதகிருஷ்ணன் பெற்றோர் கூட்டம் போட்டு இந்தச் சிக்கலை விளக்கினார்.

"பயனாளிகள் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். மேட்டூரில் அணை கட்டிய பிறகுதான் தண்ணீர் வந்து நின்றது. இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டோம். இனி மூட்டுகள் நெகிழ்வது பொதுமக்களின் கடமை."

கடமையை நினைவூட்ட ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இந்த ஆண்டு மண்டலத்தின் இளையோர் கபடி அணியில் நிலையத்தின் பயனாளிகள் மட்டுமே இடம்பெற முடியும். மாநிலப் போட்டிக்குப் போகிற பன்னிரண்டு பேரும் ஐந்துக்குக் குறையாமல் நெகிழ்ந்திருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் நாமக்கல் சாலையில் நெகிழ்வுப் பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டார்கள். தொண்ணூறு நாளில் ஒன்பதுக்கு ஒன்பது என்று பதாகை. பேருந்தில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், தாய்மார்கள் பிள்ளைகளின் விரலைப் பின்னால் தள்ளிக்கொண்டே நின்றார்கள். எட்டு வாங்கிய ஒரு பெண்ணின் தகப்பனார், இடது சுண்டுவிரலை மறுமதிப்பீடு செய்யக் கோரி மனுப் போட்டார். அணியில் ஐந்து பெண்கள் அப்படி வகுப்புக்குப் போய், எண்ணெயாலும் தங்கசாமியின் இளகிய மனத்தாலும், ஒன்பதை எட்டினார்கள். கயல்விழியும் இன்னும் ஐந்து பேரும் வளைய மறுத்தார்கள். ஒடிந்தாலும் ஒடிவேனே தவிர இதற்கு வளைய மாட்டேன் என்று கயல்விழி சொல்லிவிட்டாள்.

நிலையத்தில் மூட்டைப் பற்றிப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். இயன்முறை மருத்துவர் அறிவுமதி, ஒப்பந்தப் பணியாளர். படித்தவள் என்பதால் அவளைப் பயனாளிகள் பக்கம் விடவில்லை. அதிர்வுச் சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்சியில் தலையிடக்கூடாது என்று விதி. பண்டக அறையின் வாசலில் நாற்காலி போட்டுக் கோப்புகளுக்குத் துளையிடும் வேலை கொடுத்திருந்தார்கள். விரலை இழுக்கிற செய்தி தெரிந்ததும் அவள் துளையிடுவதை நிறுத்திவிட்டு இயக்குநரிடம் போய், சவ்வு கிழிந்துவிடும் என்று எச்சரித்தாள். அவர் அதை எழுத்துமூலம் தரச் சொன்னார். தந்தாள். அதற்கும் துளையிட்டுக் கோப்பில் சேர்க்கும்படி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

கார்த்திகையில், வர இயலவில்லை என்று தலைநகரத்துப் பெரியவரிடமிருந்து கடிதம் வந்தது. நவநீதகிருஷ்ணன் தாமே திறந்து வைப்பதென்று முடிவு செய்தார். பட்டுக்கரை வேட்டி கட்டி வந்து, நாடாவை வெட்டி, கையில் ஒலிவாங்கியோடு தட்டில் ஏறி, கால்களை விறைத்து நேராக நின்றார். முட்டியைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள், விறைத்தால் அதிர்வு தலைக்கு ஏறும் என்று அறிவுமதி பின்னாலிருந்து சொன்னாள். பதவியில் இருப்பவர் முட்டி மடங்கி நிற்பது மரபல்ல என்று அவர் பதில் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

இயந்திரம் உயிர் பெற்றது. அன்பார்ந்த என்று அவர் தொடங்கிய சொல் முடிவதற்கு அரை நிமிடம் ஆனது. மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு நடந்து வந்து கீழே குதித்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனா, ஒரு சீப்பு, கடைசியாக ஒரு மூட்டுவலித் தைலக் குப்பி விழுந்து உருண்டு முதல் வரிசைக்கு வந்தது. வேட்டியும் இறங்க ஆரம்பிக்கவே ஒரு கையால் அதைப் பிடித்தார். மறு கையில் ஒலிவாங்கி. கம்பியைப் பிடிக்கக் கையில்லை. நி நி நி நிறுத்துங்கள் என்று அவர் சொன்னதைப் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

தங்கசாமி கோப்பைப் புரட்டினார். ஒப்பந்தப்படி முதற்கட்டத்தில் ஊழியர்களுக்கு இயந்திரத்தைத் தொடங்கும் பயிற்சி மட்டுமே தரப்பட்டிருந்தது. நிறுத்தும் பயிற்சி இரண்டாம் கட்டத்தில். இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வரவில்லை. இதை அவர் உரக்கப் படித்துக் காட்டினார். இயக்குநரின் தலை ஆடியதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சௌந்திரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரோரம் போனாள். தறியில் சிக்கல் என்றால் முதலில் கை எங்கே போகும் என்று இருபது வருடமாகத் தெரிந்தவள். மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். கூடம் இருட்டி அமைதியானது. தட்டு நின்ற பிறகும் நவநீதகிருஷ்ணன் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருந்தார். மறுநாள் அவளுக்கு, அரசு அதிர்வுக்கு இடையூறு செய்ததற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. "அய்யா வேட்டி அவுந்துருமின்னு நிறுத்துனனுங்க" என்று அவள் சொன்னதைத் தங்கசாமி எழுதிக்கொண்டு, இதை இப்படியே மேலே அனுப்ப முடியாதென்று கிழித்துப் போட்டார்.

அன்று நின்ற இயந்திரம் பிறகு ஓடவேயில்லை. பழுது பார்க்கிறவர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நவநீதகிருஷ்ணன் இடுப்பு வலியென்று இரண்டு மாத மருத்துவ விடுப்பில் போனார். அந்த இரண்டு மாதம் நிலையத்தில் கேட்பாரில்லாததால், அறிவுமதி நாற்காலியை விட்டு எழுந்தாள். முதல் வேலையாக, வகுப்பில் இழுபட்ட ஐந்து பெண்களின் விரல்களுக்கும் கட்டுப் போட்டுவிட்டாள். பிறகு தனப்பிரியாவோடு சேர்த்து ஆறு பேரையும் ஒவ்வொருவராகச் சுண்ணக்கட்டிக் கட்டத்துக்குள் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். முட்டி முழுக்கப் பின்னால் போகாமல் நிறுத்தி, மெதுவாகக் குந்தி மெதுவாக எழச் சொன்னாள். அதிர்வுப் பயிற்சி கெட்டதில்லை அக்கா, அளவாக, சரியாக நின்று, யாராவது கூட இருந்து பார்த்தால் கொஞ்சம் உதவலாம், ஆனால் இது இல்லாமல் அது மட்டும் ஒன்றும் செய்யாது என்று சௌந்திரத்துக்கு விளக்கினாள். தினமும் வீட்டிலும் செய்தார்கள். தை பிறந்தபோது தனப்பிரியா பேருந்துப் படியில் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினாள். சௌந்திரம் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் பட்டுவிடும் என்று பயம்.

மாசியில் அணித் தேர்வு. தகுதிச் சான்று வாங்கப் போனபோதுதான் அடுத்த முடிச்சு தெரிந்தது. தனப்பிரியாவுக்கு இப்போதும் ஒன்பதுதான். தசை வலுக்குமே தவிர விரல் வளைவது மாறாது என்று அறிவுமதி எத்தனை முறை சொல்லியும் விதி கேட்கவில்லை. விதி ஏழின்படி ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் மூட்டு நிலையற்றது, ஆடத் தகுதியில்லை. விதி எட்டின்படி ஐந்துக்குக் கீழே போனால் குணமாகிவிட்டார், பயனாளி இல்லை, அணியில் இடமில்லை.

"அப்பறம் யாருதானுங்க ஆடறது?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கறனுங்க" என்றார் தங்கசாமி. பொய்யில்லை. அவர் முகம் வாடித்தான் இருந்தது.

சௌந்திரத்துக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. ஏழு மாதமாகப் பட்டறை விடுப்பு, பதாகை, எலுமிச்சம்பழம், குறிப்பாணை எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை. "ஏனுங்க, என்ற புள்ள நடக்க முடியாம வந்தா. இப்ப ஓடறா. இதுக்கு மேல உங்களுக்கு என்ன ஓணும்? முழுப் புள்ளையை உட முடியாதுன்னா பாதிப் புள்ளையயாச்சும் ஆட உடுங்க."

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். தங்கசாமியின் முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்தார். வலது பக்கம் மட்டும் பார்த்தால் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஒன்று, முழங்கை ஒன்று, முழங்கால் ஒன்று. ஆக நான்கு. ஐந்துக்குக் கீழே, எனவே வலது பாதி தேறியது, ஆடலாம். இடது பக்கம் நான்கோடு முதுகின் ஒன்றைச் சேர்த்தால் ஐந்து. எனவே இடது பாதி இன்னும் பயனாளி, அணியில் இடம் உண்டு. ஒன்பது வாங்கிய ஆறு பேருக்கும் இதே கணக்கு பொருந்தியது.

விடுப்பு முடிந்து வந்திருந்த நவநீதகிருஷ்ணன் கோப்பைப் படித்துவிட்டு நெகிழ்ந்து போனார்.

"முழு ஆளைக் குணப்படுத்துவது மருத்துவமனையின் வேலை. திட்டம் என்றால் பாதியில் நிற்க வேண்டும். முழுதாக முடிந்தால் நமக்கு இங்கே என்ன வேலை?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அணிப் பட்டியல் ஒட்டினார்கள். தனப்பிரியா (வலது), தனப்பிரியா (இடது) என்று தொடங்கி, ஆறு பெண்களின் இரண்டிரண்டு பாதிகளாகப் பன்னிரண்டு இடமும் நிரம்பியிருந்தது. களத்தில் இறங்கவே ஏழு பேர் வேண்டும். ஆறு பேரை வைத்துக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போவதெப்படி என்று தனப்பிரியா அழத் தொடங்கினாள். கயல்விழி இல்லாமல் போய்த் தோற்பதற்குப் போகாமலே இருக்கலாம் என்றாள். சௌந்திரம் பட்டியலை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தாள். பிறகு நேரே கயல்விழியின் வீட்டுக்குப் போய், வளையாத ஆறு பேரும் திங்கட்கிழமை காலை பையோடு நிலையத்துக்கு வரவேண்டும் என்று சொல்லி, காரணத்தையும் காதோடு சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குத் திருச்சி போகும் வண்டி தயாராக நின்றது. தங்கசாமி படியருகே நின்று பட்டியலைப் படித்தார்.

"தனப்பிரியா, வலது."

"உள்ளேன்" என்று தனப்பிரியா ஏறினாள்.

"தனப்பிரியா, இடது."

"உள்ளேன்" என்று கயல்விழி ஏறினாள்.

தங்கசாமி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். ஒரு பெயருக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு இருக்கை. அவருடைய இருபத்தெட்டு வருட வேலையில் எந்தப் பட்டியலும் இவ்வளவு சரியாக நிறைந்ததில்லை. குறியிட்டார். அதன்பின் மற்ற ஐந்து இடதுகளும் ஒவ்வொன்றாக வந்து ஏறின. கொடியசைக்க வந்த நவநீதகிருஷ்ணன் சன்னல் வழியாகக் கயல்விழியைக் கவனித்தார். தனப்பிரியாவைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள்.

"இடது பாதி நன்றாக வளர்ந்திருக்கிறதே" என்றார். "அதிர்வின் பலன். அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

திருச்சியில் நான்கு ஆட்டம். எதிரணிக்காரிகள் தனப்பிரியாவைப் பிடிக்கப் பிடிக்க அவள் கழன்று வந்தாள். அவர்கள் பக்கமிருந்து வந்தவர்களைக் கயல்விழி பிடித்தால் பிடித்ததுதான். முழங்கால் வீங்கவில்லை. மூன்று ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்று, இரண்டாமிடக் கோப்பையோடு திரும்பினார்கள். இரண்டு பெண்களுக்கு மாநில முகாமுக்கு அழைப்பும் வந்தது. அந்த அழைப்பில் வலது, இடது என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. பெயர்கள் மட்டும்தான் இருந்தன, தனப்பிரியா என்றும் கயல்விழி என்றும். வண்டியிலிருந்து இறங்கியதும் மகள் அந்தக் காகிதத்தை நீட்டினாள். சௌந்திரம் அதைக் கையில் வாங்கி, பஞ்சுத் தூசி படாமல் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நிலையத்தில் பாராட்டு விழா. ஆறு பேருக்கென்று ஆறு மாலை வாங்கியிருந்தார்கள், மேடையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தங்கசாமி கோப்பைப் பார்த்துவிட்டு, ஆளுக்குப் பாதிதானே, சரியாகத்தான் இருக்கிறது என்றார். தனப்பிரியாவும் கயல்விழியும் ஒரே மாலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். படம் எடுக்க வந்தவர் அசையாமல் நிற்கச் சொன்னார். நவநீதகிருஷ்ணனும் ஒலிவாங்கியில் அசையாமல் நிற்கச் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் மாலையின் நார் அறுந்து, சம்பங்கியெல்லாம் இயக்குநரின் தலையில் கொட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை.